இரண்டாம் மணி

என் கணவரை நான் எப்போதும் இரண்டு தடவைதான் கூப்பிடுவேன். முதல் "ஏங்க" மெதுவாக வரும். அதற்குப் பதில் இருக்காது. இரண்டாவது "ஏங்க" தெருமுனை வரை போகும். அப்போதுதான் திரும்பிப் பார்ப்பார், நான் எடுத்த எடுப்பிலேயே கத்திவிட்டது போல. தெருவில் எனக்கு வாய்க்காரி என்று பெயர் வந்ததற்கு அந்த இரண்டாவது ஏங்கதான் காரணம். முதலாவதை யாரும் கணக்கில் எடுத்துக்கொண்டதில்லை.

அவரைக் குறை சொல்லவும் வழியில்லை. அவர் பாய்லர் ஆபரேட்டர். நானும் அதே பவர் ஹவுஸில்தான் வேலை பார்க்கிறேன். இரண்டாவது மணிக்குத்தான் கையை நீட்ட வேண்டும் என்பது அங்கே சட்டம். அந்தப் பழக்கம் வீடு வரைக்கும் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். கல்யாணம் ஆகி இருபது வருடங்களுக்கு மேல் அப்படியே நினைத்திருந்தேன்.

பவர் ஹவுஸ் என்றால் வானத்தை முட்டும் கோபுரங்களை நினைத்துவிட வேண்டாம். ஆம்பூருக்கும் மாதனூருக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு புகைபோக்கி, ஒரு கரி முற்றம், இரண்டு பெரிய தகர ஷெட்டுகள். அவ்வளவுதான். கரியை எரித்துத் தண்ணீரை ஆவியாக்குவோம். அந்த ஆவி முதலில் டர்பைனைச் சுற்றி மின்சாரம் எடுத்துக் கொடுக்கும். வேலை முடிந்த ஆவியை வீணாக விடாமல் குழாயில் டேனரிகளுக்கு அனுப்புவோம். அங்கே தோல் காய்வதும், தொட்டிகளில் தண்ணீர் சுடுவதும் அதில்தான். சோறு வடித்த கஞ்சியிலேயே வேட்டிக்கும் கஞ்சி போட்டுக்கொள்வது மாதிரி, ஒரே நெருப்பில் இரண்டு வேலை.

என் வேலை தண்ணீர். பாய்லருக்குள் போகும் தண்ணீரில் உப்பு கொஞ்சம் ஏறினாலும் குழாய்க்குள் பாறையாகப் படிந்துவிடும். படிந்தால் குழாய் சூடேறி வெடிக்கும். அதனால் ஷிஃப்டுக்கு மூன்று தடவை சாம்பிள் எடுத்து, சொட்டுச் சொட்டாக மருந்து விட்டு, சிவப்பு நீலமாகிறதா என்று பார்த்து எழுதி வைக்க வேண்டும். நிறம் மாறினால் மாறியது. மாறாவிட்டால் மேனேஜரே வந்து சொன்னாலும் மாறவில்லை. மனுஷர்களிடமும் நான் இப்படித்தான் நடந்துகொள்கிறேன் என்று வேலூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கும் என் மகள் சொல்வாள். இருக்கலாம். லேபில் வேலை என்பதால் ஆபரேட்டர்கள் எல்லோருக்கும் நான் லேபம்மா. என் கணவருக்கும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே லேபம்மாதான்.

மணியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். டர்பைன் மேல் தளத்தில் இருக்கிறது, பாய்லர் கீழே. இரண்டுக்கும் நடுவே பேச ஒரு இன்டர்காம் இருந்தது. கரித்தூள் புகுந்து அது எப்போதோ செத்துப்போனது. அதற்குப் பதிலாகக் கீழ்த்தளத்தின் கைப்பிடிக் கம்பியில் ஒரு மின்சார மணியைக் கட்டினார்கள். டேனரியில் கூடுதலாக ஆவி கேட்டால் மேலே இருப்பவர் மணி அடிப்பார். மனசுக்குள் ஐந்து எண்ணிவிட்டு மறுபடியும் அடிப்பார். கீழே நிற்பவர் முதல் மணிக்கு எதையும் தொடக் கூடாது. தலையைத் தூக்கி, ஆவியின் அழுத்தம் காட்டும் கேஜைப் பார்க்கலாம். இரண்டாவது மணிக்குத்தான் வால்வில் கை வைக்க வேண்டும். அந்த இரைச்சலில் நாளெல்லாம் நின்றால் அடிக்காத மணியும் காதில் அடிக்கும். அதற்காகத்தான் இந்தச் சட்டம்.

"காதுக்குள்ள அடிக்கிற மணி ஒரு தபாதான் அடிக்கும். நெஜ மணிதான் ரெண்டு தபா அடிக்கும்" என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுப்பவர், ஆபரேட்டர்களில் மூத்தவர். எங்களுக்கு அவர் பாய். என் கணவருக்கு தோஸ்த். இருவரும் ஒரே மாதம் வேலைக்குச் சேர்ந்தவர்கள்.

இந்தச் சட்டம் கரிப் பக்கத்து ஆபரேட்டர்கள் எட்டுப் பேருடைய வீட்டுக்கும் போய்விட்டது. சாப்பிட வாருங்கள் என்று ஒரு தடவை கூப்பிட்டால் பாய் எழுந்திருக்க மாட்டார் என்று அவர் வீட்டம்மா என்னிடம் அலுத்துக்கொள்வார். கதவை ஒரே ஒரு தடவை தட்டினால் எங்கள் ஆட்கள் யாரும் திறப்பதில்லை. ஒருவர் தன் கல்யாணத்தில் ஐயர் முதல் தடவை சொன்னபோது தாலியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார் என்று ஒரு கதை உண்டு. அது பாய் கட்டிவிட்டது என்றுதான் நினைக்கிறேன்.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் சாம்பிளைக் குளிர வைக்கும் குழாய் ஓட்டையாகிக் கிடந்தது. பாய்லர் தண்ணீர் கொதிக்கக் கொதிக்கத்தான் கிடைக்கும். மற்ற ஆபரேட்டர்கள் பாட்டிலைப் பழைய துணியில் சுற்றி என் கையில் திணிப்பார்கள். ஒருவர் மட்டும் நான் வருவதற்கு முன்பே பிடித்து, வாளித் தண்ணீரில் நிற்க வைத்து, ஆறிய பிறகு கொடுப்பார். நான் நன்றி சொல்லவில்லை. திறந்து வைத்து ஆறவிட்டால் காற்று சேர்ந்து ரிசல்ட் தப்பாகிவிடும் என்று சண்டைக்குப் போனேன். அந்தச் சத்தத்தில் அவருக்கு ஒரு வார்த்தையும் எட்டவில்லை. சாக்பீஸை எடுத்துத் தரையில் எழுதிக் காட்டிவிட்டு வந்தேன். மறுநாள் போனபோது பாட்டில் அதே வாளியில், இறுக்கமாக மூடி போட்டு நின்றிருந்தது. அந்த மூடியைப் பார்த்துத்தான் எனக்கு அவரைப் பிடித்தது. சொன்னால் மகள் விழுந்து விழுந்து சிரிக்கிறாள். இரண்டு வீட்டிலும் ஆறு மாதம் பேஜார் பண்ணித்தான் கல்யாணம் நடந்தது.

பாய்லர் பக்கத்தில் வாயால் பேச முடியாது. கையால்தான் பேசுவோம். வயிற்றைத் தட்டினால் சாப்பிட்டாயா. மணிக்கட்டைத் தட்டினால் பஸ்ஸுக்கு நேரமாகிறது. நெஞ்சில் கை வைத்தால் சரி, புரிந்தது. வீட்டுக்கு வந்த பிறகும் பாதிப் பேச்சு கையில்தான் போகும். சாப்பிடும்போது அவர் எனக்கு எதிரே உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டு சாப்பிடுவார். ஆசை என்று நினைத்தேன். டிவி சத்தத்தை ஜாஸ்தியாக வைக்கிறார் என்று மகள் சொன்னபோது, பாய்லர்காரர் வீட்டில் வேறு எப்படி இருக்கும் என்று சொல்லிவிட்டேன். நான் சொன்ன எதையாவது அவர் மறந்துவிட்டால், செவிடன் காதில் ஊதின சங்குதான் என்று சலித்துக்கொள்வேன். அவர் சிரிப்பார்.

பிறகு கேஸ் வந்தது. நெடுஞ்சாலை ஓரமாகப் பள்ளம் தோண்டி மஞ்சள் குழாயைப் புதைத்துக்கொண்டே வந்து, ஒருநாள் எங்கள் கேட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்கள். புதிதாக ஒரு ஹால் கட்டினார்கள். கேஸில் ஓடும் இன்ஜின் மின்சாரம் கொடுக்கும், அதன் புகையில் இருக்கும் சூட்டை வைத்தே ஆவியும் எடுத்துக்கொள்ளலாம். கரி பாய்லர் இனிமேல் பாதி நாள்தான் எரியும், டேனரிகள் எல்லாம் சேர்ந்து ஆவி கேட்கும் நாட்களில் மட்டும். கரிப் பக்கத்து எட்டுப் பேருக்கும் பயிற்சி கொடுத்துக் கேஸ் ஹாலுக்கு எடுத்துக்கொள்வோம் என்று மேனேஜர் சொன்னார். எடுக்க முடியாதவர்கள் கரி முற்றத்தில் சாம்பல் தள்ளும் வேலைக்குப் போக வேண்டும்.

என் கணவருக்கு ஐம்பது நெருங்குகிறது. கேஸ் இன்ஜின் பாடப் புத்தகத்தைக் கொடுத்தார்கள். சோப்புப் போட்டுக் கையைக் கழுவி, முழங்கை வரை துடைத்துவிட்டுத்தான் அதைத் தொடுவார். கேஸ் ஹாலில் தரை வெள்ளையாக இருக்கும், கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பார்க்கலாம், முட்டி வலிக்காது என்று தினமும் ஒன்று சொல்வார். ஒருநாள், அங்கிருந்து பார்த்தால் என் லேப் ஜன்னல் நேராகத் தெரியும் என்றார். போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். எனக்கு அதன் பிறகு அந்த ஹாலின் மேல் அவரைவிட ஆசை வந்துவிட்டது.

கேஸ் ஹாலுக்குப் போகிறவர்களுக்குக் காது நன்றாகக் கேட்க வேண்டும் என்றார்கள். கேஸ் கசிந்தால் அலாரம் ஊதும், அது காதில் விழாத ஆளை உள்ளே விடக் கூடாது. ஒரு மருத்துவ வேன் வந்து ஆபீஸ் வாசலில் நின்றது. உள்ளே கண்ணாடி வைத்த ஒரு சின்னப் பெட்டி அறை. அதற்குள் உட்கார்ந்து, காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, சத்தம் கேட்டால் கையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். சத்தம் கொடுக்கும்போது வெளியே மெஷினில் ஒரு விளக்கு எரியும். பட்டனை அழுத்தினால் இன்னொரு விளக்கு. அழுத்தாவிட்டால் வேனில் வந்த பெண் சத்தத்தை ஒரு படி கூட்டுவாள். பதிவேட்டில் எழுத ஆள் வேண்டும் என்று என்னை அவள் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். கேஸ் கம்பெனி அனுப்பிய இளைஞர்கள் விளக்கு எரிந்த உடனே பட்டனை அழுத்தினார்கள். எங்கள் எட்டுப் பேரும் ஒருவர் பின் ஒருவராகத் தாமதமாக அழுத்தினார்கள்.

எட்டுப் பேரும் தேறவில்லை.

நோட்டீஸ் போர்டு முன்னால் எல்லோரும் கூடி நின்றார்கள். கரிச் சத்தம் காதைத் தின்றுவிட்டது என்று பாய் சொன்னார். வேண்டுமானால் இன்னும் ஒரு வாரம் பார்க்கலாம், அதன் பிறகு வெளியாட்களைத்தான் எடுக்க வேண்டியிருக்கும் என்று மேனேஜர் வருத்தத்தோடு சொன்னார். எட்டுப் பேரும் சேர்ந்து மனு கொடுப்பது என்று முடிவு செய்தார்கள். எடுத்தால் எட்டுப் பேரையும் எடுங்கள், இல்லையென்றால் ஒருவரும் வர மாட்டோம் என்று. அதில் முதல் கையெழுத்து என் கணவருடையது. கையெழுத்துப் போடுவதில் அவருக்கு இருந்த அவசரத்தை நான் அப்போது சரியாகப் பார்க்கவில்லை.

மறுநாள் ஷிஃப்ட் முடிந்து நான் வெளியே வந்தபோது, கம்பெனி பஸ் கிளம்பத் தயாராக நின்றது. கேட்டுக்கு எதிரே டீக்கடை பெஞ்சில், எனக்குப் பக்கவாட்டு முகம் தெரிய, பாயும் என் கணவரும் உட்கார்ந்திருந்தார்கள். பாய்க்குப் போன் வந்திருந்தது என்று ஆபீஸில் சொல்லச் சொன்னார்கள். "பாய்" என்று கூப்பிட்டேன்.

டீக் கிளாஸ் பாயின் உதட்டுக்குப் பாதி வழியில் நின்றது. புருவம் மேலே ஏறியது. ஆனால் திரும்பவில்லை. நான் மறுபடி கூப்பிட்டதும் திரும்பி, "இன்னாம்மா" என்றார்.

அந்த முகத்தை நான் பார்த்திருக்கிறேன். முந்தைய நாள், கண்ணாடிக்கு உள்ளே. விளக்கு எரியும்போதெல்லாம் பாயின் புருவம் இப்படித்தான் ஏறியது. கட்டை விரல் பட்டன் மேல் போய் நின்றது, அழுத்தவில்லை. இரண்டாவது சத்தத்துக்காகக் காத்திருந்தார். அந்தப் பெண் கேட்கவில்லை என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறாள். மற்றவர்களில் நான் கவனித்தவர்களுக்கும் அதே புருவம், அதே விரல். அவர்கள் காதில் ஒரு குறையும் இல்லை. வருடக்கணக்கில் படித்த பாடத்தை ஒழுங்காக ஒப்பித்திருக்கிறார்கள், அவ்வளவுதான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஓடிப்போய்ச் சொல்ல வேண்டும் என்று ஒரு அடி எடுத்தும் வைத்துவிட்டேன்.

அப்போதுதான் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தேன். நான் இரண்டு தடவை கூப்பிட்டிருக்கிறேன். அவர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். புருவம் ஏறவில்லை. கிளாஸ் நிற்கவில்லை. தோஸ்த் திரும்பியதைப் பார்த்த பிறகுதான் அவரும் திரும்பினார். என்னைக் கண்டதும் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார், பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று.

வீட்டுக்கு வந்ததும் பரிசோதனை செய்து பார்த்தேன். எனக்குத் தெரிந்தது அதுதான். அவர் எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து ஷூவைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, பின்னால் நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். ஒரு அடி நெருங்கி இன்னும் கொஞ்சம் சத்தமாக. இன்னொரு அடி. நான்காவது தடவை, பக்கத்து வீட்டுக்கே கேட்டிருக்கும், அப்போது திரும்பினார். "வந்துட்டேன், வந்துட்டேன்" என்றார் சிரித்துக்கொண்டே. செவிடன் காதில் ஊதின சங்கு என்று வழக்கம் போல வாய் வரை வந்தது. விழுங்கிக்கொண்டேன். இத்தனை வருடம் எத்தனை தடவை அதைச் சொல்லியிருப்பேன் என்று நினைத்து, அடுப்பைப் பார்த்துக்கொண்டு அழுதேன். சத்தம் வராமல் அழ வேண்டும் என்று பயப்படக்கூட அவசியமில்லை என்பது நினைவுக்கு வந்ததும் இன்னும் அழுகை வந்தது.

இரண்டு நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. வாய்க்காரி என்று பெயரெடுத்தவள் நான். சொன்னால் ஏழு பேர் தேறிவிடுவார்கள், இவர் ஒருவர் மட்டும் தனியாக வெளியே நிற்பார். சொல்லாவிட்டால் எட்டில் ஒருவராகக் கூட்டத்தில் மறைந்துகொள்ளலாம். மனு ஜெயித்துவிட்டால் கேஸ் ஹாலுக்குக்கூடப் போய்விடலாம். அப்படிப் போய், அலாரம் ஊதி, அது அவர் காதில் விழாமல் போனால் என்ன ஆகும் என்று யோசிப்பேன். உடனே, லேப் ஜன்னல் தெரியும் என்று அவர் சொன்னது ஞாபகம் வரும்.

ஞாயிற்றுக்கிழமை காலை எதிரும் புதிருமாக உட்கார்ந்து அவரைக்காய் கிள்ளிக்கொண்டிருந்தோம். இதற்கு மேல் தாங்காது என்று, சாதாரணக் குரலில் கேட்டேன்.

"உங்களுக்குக் காது கேக்கலதானே?"

என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "பாப்பா ஸ்கூலுக்குப் போன காலத்துலயே கொறைய ஆரம்பிச்சுது. ரொம்ப மோசமாயி மூணு வருஷம் இருக்கும்" என்றார்.

வேலையில் எப்படிச் சமாளித்தீர்கள் என்று கேட்டேன். மணி கைப்பிடிக் கம்பியில்தானே கட்டியிருக்கிறது, அடித்தால் கம்பி அதிரும், கையை எப்போதும் அதன் மேலேயே வைத்திருப்பேன் என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. அது என்ன இட்லிப் பானையா, அது பாய்லர், பம்ப் சத்தம் மாறினால் கையில் தெரியுமா, நாலு பேர் உயிர் இருக்கும் இடமில்லையா என்று பொரிந்து தள்ளினேன். ஒரு வார்த்தை விடாமல் என் வாயைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். தப்புதான் என்றார். சொன்னால் பாய்லரை விட்டு எடுத்துவிடுவார்கள் என்று பயந்துவிட்டாராம். சாப்பிடும்போது என் முகத்தைப் பார்ப்பது ஆசையில் இல்லையா, இதற்காகத்தானா என்று கேட்டேன்.

"ரெண்டுக்குந்தான்" என்றார்.

மீதியையும் சொன்னேன். டீக்கடையில் பார்த்தது, பாயின் புருவம், இரண்டாவது மணி எல்லாம். சொல்லி முடித்துவிட்டு, நான் மேனேஜரிடம் போகப்போவதில்லை, எட்டுப் பேரும் வெளியிலேயே இருங்கள், சாம்பலானாலும் எட்டுப் பேரும் சேர்ந்து தள்ளுங்கள் என்றேன். அவர் இரண்டு காயைக் கிள்ளிப் போட்டார்.

"லேபம்மா, தண்ணில உப்பு ஏறிடுச்சுன்னு தெரிஞ்சா நீ எழுதாம வுட்டுடுவியா?"

"மாட்டேன்."

"அப்ப எழுது."

திங்கட்கிழமை மேனேஜரிடம் போனேன். ஏழு பேர் கதையைக் கேட்டு முதலில் சிரித்தார். எட்டாவது ஆள் கதையைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்திவிட்டு எழுந்து வந்து எனக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். மணிக் கம்பியை விட்டு என் கணவரை அன்றைக்கே நகர்த்திவிட்டார். வியாழக்கிழமை வேன் மறுபடி வந்தது. முதல் சத்தத்துக்கே அழுத்த வேண்டும் என்று அந்தப் பெண் ஒவ்வொருவரிடமும் மூன்று தடவை சொன்னாள். பாய் உள்ளே போவதற்கு முன் தாடியைத் தடவிக்கொண்டு, முதல் மணிக்கே கை வைக்க மனசு வர மாட்டேன் என்கிறது என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். ஆனாலும் அழுத்தினார். ஏழு பேரும் தேறினார்கள்.

கடைசியாக இவர் போனார். விளக்கு எரிந்தது. அணைந்தது. ஒரு படி கூட்டினாள். எரிந்தது, அணைந்தது. கண்ணாடி வழியாக அவர் என்னையே பார்த்தார். என் முகத்தைப் படிக்க அவருக்குத் தெரியும். விளக்கு எரியும்போது நான் கண்ணை இமைத்தால் போதும், பட்டனை அழுத்திவிடுவார். ஒருவேளை அந்த உதவியை வேண்டித்தான் பார்த்தாரோ, பழக்கத்தில் பார்த்தாரோ, இன்று வரை நான் கேட்கவில்லை. தலையைக் குனிந்து பதிவேட்டைப் பார்த்துக்கொண்டேன். அவர் பெயருக்கு நேராக வரவேண்டியதை என் கையாலேயே எழுதினேன்.

வெளியே வந்தவர் சிரித்தார். நெஞ்சில் கை வைத்து எனக்குக் காட்டினார், சரி, புரிந்தது என்று. அழுதது பாய்தான். எனக்குத் தெரியாமப்போச்சே, பக்கத்திலேயே நின்றும் தெரியாமப்போச்சே என்று என் கணவரின் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். அது இவருக்குக் கேட்டிருக்காது. ஆனால் தோள் அதிர்ந்திருக்கும்.

கரி முற்றத்துக்கு அவரை அனுப்பவில்லை. லேபுக்குப் பக்கத்து ஷெட்டில் தண்ணீரைச் சுத்தம் செய்யும் பிளான்ட் இருக்கிறது. அங்கே பகல் ஷிஃப்டுக்கு ஆள் தேவைப்பட்டது. காது அவ்வளவாக வேண்டாம், கண்ணும் கையும் போதும். இப்போது அவர் சாம்பிள் எடுத்து வந்து என் மேசையில் வைக்கிறார், மூடி போட்டு. பெண்டாட்டிக்குக் கீழே வேலை என்று ஏழு பேரும் கேலி பண்ணுகிறார்கள். வீட்டிலும் அதேதானே என்கிறார். ஆனால் கரி பாய்லர் எரியும் நாட்களில், காலையில் வந்ததும் அந்தப் பக்கம் போய், கைப்பிடிக் கம்பியில் கை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத்தான் ஷெட்டுக்கு வருகிறார். நான் பார்க்காத மாதிரி இருந்துவிடுவேன்.

வேலூருக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காது மெஷின் வாங்கினோம். முதல் வாரம் முழுக்க அவருக்கு உலகத்தின் மேலேயே கோபம். குக்கர் இவ்வளவு கத்துமா, காக்காய்க்கு வேறு வேலை இல்லையா, உன் வளையலைக் கழற்றி வை என்று ஒரே புகார். வீட்டுக்கு வந்தால் கழற்றி டப்பாவில் போட்டுவிடுவார். நான் திட்டித் திட்டி மாட்ட வைத்தேன்.

ஒருநாள் சாயங்காலம் டீ போட்டுவிட்டு, சமையலறை வாசலில் நின்று மெதுவாக "ஏங்க" என்றேன். வாசல் படியில் உட்கார்ந்திருந்தவர் அசையவில்லை. மறுபடியும் கழற்றி வைத்துவிட்டார் என்று எனக்கு எரிச்சல். கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும் என்று டம்ளரோடு சத்தமில்லாமல் பக்கத்தில் போய்ப் பார்த்தேன். மெஷின் காதில்தான் இருந்தது. அவர் புருவம் மேலே ஏறியிருந்தது.

"கேட்டுச்சா?"

"கேட்டுச்சு."

"அப்புறம் இன்னா? ரெண்டாவது மணி அடிக்கணுமா? இது இன்னா பாய்லரா?"

இல்லை என்று தலையாட்டினார். தெருவைப் பார்த்துக்கொண்டேதான் பேசினார். என் உதட்டைப் பார்க்காமல் அவர் என்னோடு பேசி எத்தனை வருடம் ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது.

"கல்யாணம் ஆன புதுசுல இப்படித்தான் கூப்பிடுவ. அப்புறம் போகப் போக, நீ எடுத்ததுமே கத்த ஆரம்பிச்சுட்டன்னு நெனச்சுக்கினேன். வேலை, வூடு, கொழந்தைன்னு ஆனா மனுஷங்க மாறத்தானே செய்வாங்கன்னு வுட்டுட்டேன். நீ மாறவே இல்லியா?"

டம்ளரோடு அவர் பக்கத்தில் படியில் உட்கார்ந்தேன்.

"இன்னொரு தபா கூப்பிடு" என்றார்.

டம்ளரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, சமையலறை வாசலுக்கே திரும்பிப் போனேன். அங்கே நின்று, முதல் தடவை கூப்பிட்ட மாதிரியே கூப்பிட்டேன்.